பக்கத்து ஷெட்டுக் குழாய்

முடி வெட்டிக்கொள்வதற்காக க்ளோவிஸ் மெனார் அடுத்த ஊருக்குக் கார் ஓட்டிப்போக ஆரம்பித்ததும்தான், விஷயம் முற்றிவிட்டது என்று எங்களுக்குப் புரிந்தது. எங்கள் ஊரான ஆன்ஸ் நுவாரில் முடிதிருத்தும் கடை ஒன்றே ஒன்றுதான். நடத்துபவன் டெல்மர் ஆர்செனோ. க்ளோவிஸும் அவனும் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். க்ளோவிஸின் தலையில் முதல் நரையைக் கண்டுபிடித்து, அதைத் தனியாக வெட்டி ஒரு காகிதத்தில் மடித்து அவன் கையில் கொடுத்துச் சிரித்தவன் டெல்மர். அப்படியிருக்க, ஒரு வியாழக்கிழமை, பின்கழுத்தில் படிக்கட்டு வெட்டியதுபோல ஒரு கிராப்போடு க்ளோவிஸ் விமானத் திடலுக்கு வந்து நின்றான். யாரோ தெரியாதவன் கையில் தலையைக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடிக்க வந்திருப்பான்.

இவ்வளவுக்கும் காரணம் டெல்மருடைய விமானத்தின் புகைக்குழாய். அது உடையமாட்டேன் என்றது.

க்ளோவிஸ் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடைகளில் குழாய் வெல்டர். இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் வீட்டில். அங்கே ஒவ்வொரு வெல்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அவன் வைத்தது ஒன்றுகூடத் தள்ளுபடி ஆனதில்லை என்று எங்கள் கடற்கரை முழுக்கப் பேச்சு. அவன் வெல்டு சின்னச் சின்ன அலையாக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, மீன் செதில்போல வரிசையாகப் போகும். அவன் மனைவி யூலாவுக்குத் துணி காயப்போட இரண்டு இரும்புக் கம்பம் நட்டுக் கொடுத்திருக்கிறான். அதில்கூட அந்தச் செதில்தான். கம்பத்தில் ஜட்டி காயும்போது வெல்டை யார் பார்க்கப் போகிறார்கள் என்று யூலா கேட்டதற்கு, "நான் பாப்பேன்" என்றான்.

டெல்மர் வேறு ரகம். நாள் முழுக்கக் கத்தரிக்கோலோடு நின்று ஊர்ப் பேச்சைக் கேட்கிறவன். எதையும் யாரிடமும் கேட்டுவிடுவான், வெட்கமே கிடையாது.

இருவரும் ஒரே மாதிரி விமானத்தைத் தங்கள் கையால் கட்டத் தொடங்கினார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காருகிற சின்ன விமானம். ஒரே நாளில், ஒரே பழைய கார் மண்டியில், அடிபட்டு நசுங்கிக் கிடந்த இரண்டு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களிலிருந்து இரண்டு ரோட்டரி என்ஜின்களை இறக்கிக்கொண்டு வந்தார்கள். திடலில் முதல் ஷெட் க்ளோவிஸுடையது, இரண்டாவது டெல்மருடையது, மூன்றாவது என்னுடையது. என்னிடம் இருப்பது தொழிற்சாலையில் செய்த பழைய விமானம். அதனால் இருவரும் என்னை ஒரு மனிதனாகவே மதித்ததில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. இருவரும் என்னிடம் தாராளமாகப் பேசினார்கள்.

ரோட்டரி என்ஜினில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவில் ஒரு சுழலி ஓர் அறைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குலுங்காது, அடக்கமானது, லேசில் நிற்காது. ஆனால் ஒரு குணம் உண்டு. மற்ற என்ஜின்களில் நெருப்பு கொஞ்சம் களைத்துப்போய்த்தான் புகைக்குழாய்க்கு வரும். இதில் எரிந்துகொண்டே வெளியே ஓடிவரும். அந்தி நேரத்தில் மேல்மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தால், குழாய் பழுத்த மிளகாய் நிறத்தில் நிற்கும். சத்தமோ, சைலன்சர் இல்லாவிட்டால் மூன்று மைலுக்கு அப்பால் நெல் வயலில் கிராஃபிஷ் என்கிற நன்னீர் இறால் பிடிக்கிறவன் நிமிர்ந்து பார்ப்பான். அந்தச் சூட்டையும் சத்தத்தையும் தாங்குகிற குழாயும் சைலன்சரும் செய்வதுதான் இந்த என்ஜின்காரர்கள் எல்லோருக்கும் தலைவலி.

க்ளோவிஸ் ஓராண்டு முன்னதாகவே முடித்துவிட்டான். அவன் செய்த குழாயைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், என்ஜினிலிருந்து சைலன்சர் வரை ஒரே உடம்பாக, எங்கே ஒட்டினான் என்று தேடவேண்டிய அளவுக்கு ஒரு வேலை. முதல் தடவை பறந்து இறங்கிய அன்று யூலா ஒரு பெரிய அண்டா நிறையக் கம்போக் குழம்பு சமைத்துத் திடலுக்கே கொண்டுவந்தாள். டெல்மர்தான் எல்லோருக்கும் பரிமாறினான்.

டெல்மர் தானே வெல்டு வைத்துத் தன் குழாயைச் செய்தபோது க்ளோவிஸ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நானும் இருந்தேன்.

"என்னடா இது, கோழி எச்சம் போட்டு வச்சிருக்கே?"

"கோழியும் என்னுது, எச்சமும் என்னுது. உனக்கென்ன?"

"கொண்டா, நான் வச்சுத் தர்றேன். ஒரு காப்பி குடிக்கிற நேரம்."

"நீ வச்சுக் குடுத்தா அப்புறம் அது உன் குழாயி. கடல் வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரிவே. போடா."

க்ளோவிஸ் குழாயைப் பிடித்து ஆட்டினான். அது கடகடவென்று ஆடியது. ஒரே உடம்பாக இல்லை, மூன்று துண்டு. ஒன்றுக்குள் ஒன்று சும்மா சொருகி, கழன்று விழாமல் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் மாட்டியிருந்தான்.

"ஆடுதுடா!"

"ஆடட்டும்னுதான் விட்டிருக்கேன். கம்ப்யூட்டர்ல ரோட்டரிக்காரங்க கூட்டம் ஒன்னு இருக்கு. அதுல டெக்சாஸ்காரன் ஒருத்தன், கனடாக்காரன் ஒருத்தன், எல்லாரும் உடைச்சு உடைச்சுப் பாத்துட்டு இப்படித்தான் போடச் சொல்றாங்க."

"டைப் அடிக்கிறவனுக்கு வெல்டிங்கைப் பத்தி என்னடா தெரியும்?"

"ஒன்னும் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. அதான் கேட்டேன்."

க்ளோவிஸ் சிரித்துக்கொண்டே தன் ஷெட்டுக்குப் போனான். அந்த வருஷத்தில் அவன் அப்படி மனசாரச் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் அந்த மாதமே அவனுடைய குழாயில் விரிசல் விழுந்தது. வெல்டுக்குப் பக்கத்தில், ஓர் அரிசி தள்ளி, தலைமுடிபோல ஒரு கோடு. அவன் முதலில் கவலைப்படவில்லை. "வெல்டு விடல, பாத்துக்கோ" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். "விட்டது குழாய்தான்." மேலே இன்னொரு வெல்டு வைத்தான். அதற்குப் பக்கத்தில், இன்னொரு அரிசி தள்ளி, மறுபடி விட்டது. கனமான குழாய் வாங்கிச் செய்தான். கொஞ்சம் தாங்கி, அதுவும் விட்டது. மூலைகளில் முக்கோணத் தகடு வைத்து இறுக்கினான். சைலன்சர் ஆடாமல் இருக்க என்ஜின் சட்டத்தோடு சேர்த்து ஒரு கம்பி கொடுத்தான். எவ்வளவு இறுக்கினானோ அவ்வளவு சீக்கிரம் உடைந்தது. ஒருமுறை விரிசல் வழியாக வந்த நெருப்பு, பக்கத்தில் ஓடிய ஒயரின் ரப்பரை உருக்கிவிட்டது. இன்னொருமுறை புகை உள்ளே வந்து யூலா பின் சீட்டிலேயே வாந்தி எடுத்தாள். இறங்கியதும் புல்லில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே இதுல நான் ஏறமாட்டேன் க்ளோவிஸ். செத்தாலும் ஏறமாட்டேன்."

"சரி பண்ணிடறேன்."

"சரி பண்ணு. பண்ணிட்டு ஒரு வருஷம் நீ மட்டும் பற."

அதற்குள் டெல்மர் பறக்கத் தொடங்கியிருந்தான். எல்லோரும் வேடிக்கை பார்க்கத்தான் கூடினோம். அந்தக் கோழி எச்சக் குழாய் தகரப் பானை மூடிபோலக் கடகடத்தது, என்ஜின் சூடானதும் சத்தம் அடங்கியது. போய்விட்டு வந்தான். மூடியைத் திறந்து பார்த்தோம். ஒன்றுமில்லை. அடுத்த வாரமும் ஒன்றுமில்லை. கோடைகாலம் முடிந்து, நெல் அறுத்து, வயலில் தண்ணீர் கட்டிக் கிராஃபிஷ் கூடு போடுகிற காலமும் வந்தது. குழாய் அப்படியே இருந்தது.

எங்கள் திடலில் சனிக்கிழமைதோறும் நான்கைந்து விமானங்கள் சேர்ந்து வடக்கே ஒரு ஊருக்குப் போகும். அங்கே ஓடுபாதைக்கு எதிரேயே ஒரு கடை. அரிசியும் பன்றிக்கறியும் குடலில் அடைத்துச் செய்யும் பூடானைச் சுடச்சுடக் காகிதத்தில் சுற்றித் தருவான். க்ளோவிஸின் விமானம் மூக்கு கழன்று நின்ற ஒரு சனிக்கிழமை, டெல்மர் யூலாவைப் பார்த்து, "பின் சீட்டு காலியாத்தான் இருக்கு, வர்றியா?" என்று கேட்டான். அவள் க்ளோவிஸைப் பார்த்தாள். அவன் கையில் அரத்தோடு, "போயேன், எனக்கென்ன" என்றான். அவள் போனாள்.

திரும்பி வந்தபோது அவனுக்கும் ஒரு பொட்டலம் வாங்கிவந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. பேசிக்க முடியுது, தெரியுமா? கத்தவே வேணாம்."

"பேசறதுக்குத்தான் போனியா?"

"பின்னே கண்ணை மூடிக்கிட்டு உக்காரவா? உன்னோடது பறந்தா உன்கூட வர்றேன். பறக்குதா?"

அவன் பொட்டலத்தை பெஞ்சில் வைத்தான். அது அங்கேயே ஆறியது. சாயங்காலம் என் நாய் தின்றது.

அதற்குப் பிறகு யூலா பல சனிக்கிழமை டெல்மரோடு போனாள். யாருக்கும் தப்பாக எதுவும் தோன்றவில்லை, டெல்மரின் மனைவி வெர்னாவுக்கும் தோன்றவில்லை. அவளுக்கு விமானம் என்றாலே காதடைக்கும். க்ளோவிஸுக்குத் தப்பாகத் தோன்றியதா என்றால், அவனாலேயே பிரித்துச் சொல்ல முடியாத விதத்தில் தோன்றியது. அவர்கள் ஏறிப்போகும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பான். அந்தச் சத்தத்தில் ஓர் இழை மாறினாலும் அவனுக்குத் தெரியும். மாறாதா என்று காத்திருப்பான், பிறகு அதில் யூலா இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்து தன் தொடையிலேயே குத்திக்கொள்வான். ஒருமுறை நான் பார்த்திருக்கிறேன்.

டெல்மரின் கடையில் நடந்ததுதான் உச்சம். க்ளோவிஸ் நாற்காலியில், கழுத்தில் துண்டோடு. டெல்மர் வெட்டிக்கொண்டிருக்கிறான். காத்திருப்பவர்கள் நாலு பேர். நானும் ஒருவன். நெல் விவசாயி ஓஸிம் கிழவர் உள்ளே வந்ததும் வழக்கம்போலக் கேட்டார்:

"என்ன டெல்மர், குழாய் இன்னும் நிக்குதா?"

"நிக்குது ஓஸிம். பயமாத்தான் இருக்கு, ஆனா நிக்குது."

"வெல்டரோடது உடையுதாம், பார்பரோடது உடையலையாம். அப்போ நான் என் டிராக்டரை இனிமே உன்கிட்டத்தான் கொண்டுவரணும். அவன்கிட்டத் தலையைக் குடுத்துட வேண்டியதுதான்."

கடை முழுக்கச் சிரிப்பு. டெல்மர் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. க்ளோவிஸின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினான், குழந்தையைத் தட்டுவதுபோல. அந்தத் தட்டலைத்தான் அவனால் செரிக்க முடியவில்லை. அதற்கு அடுத்த மாதம்தான் வேற்றூர்க் கிராப்போடு வந்தான்.

அப்புறம் ஒருநாள் என் ஷெட்டுக்குள் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"மாத்தறான்."

"எதை?"

"குழாயை. ரெண்டு செட் வச்சிருக்கான். ஒன்னு விரிசல் விட்டதும் கழட்டிட்டு இன்னொன்னை மாட்டறான். யாருக்கும் தெரியாம. அந்த உலோகம் அந்தச் சூட்டைத் தாங்காதுப்பா. எனக்குத் தெரியாதா? நான் அதைத் தின்னு வளந்தவன்."

"அவன் எப்ப மாத்துவான்? நாள் பூரா கடையில நிக்கிறான்."

"அதைத்தான் பாக்கறேன்."

எங்கள் திடலில் யாரும் ஷெட்டைப் பூட்டுவதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கப் பூசையில் இருந்தபோது, நான் என் விமானத்தின் டயரை மாற்றிக்கொண்டிருந்தேன். பாதிரியாருக்கும் எனக்கும் கொஞ்ச நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. பக்கத்து ஷெட்டில் சத்தம் கேட்டது. தகரச் சுவரின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். க்ளோவிஸ், கோயிலுக்குப் போகிற நல்ல சட்டையோடு, டெல்மரின் விமானத்துக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். கையில் டார்ச். இன்னொரு கையில் பல் டாக்டர் வைத்திருப்பதுபோல ஒரு குட்டிக் கண்ணாடி. குழாயை அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். திடீரென்று சிரித்தான். தனியாக, தரையில் கிடந்தபடி, வாய்விட்டு.

இரண்டு நாள் அவன் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு நடந்தான். பிறகு கடை நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து உள்ளே நுழைந்தான். அன்று வெர்னாவும் கல்லாவில் இருந்தாள்.

"டெல்மர், நண்பனா ஒன்னு சொல்றேன். உன் குழாயில விரிசல் விட்டிருக்கு."

டெல்மரின் கத்தரி நின்றது. "எங்கே?"

"கடைசிச் சொருகல்ல. மேல் பக்கம். சுண்டுவிரல் நீளம் இருக்கும். பறக்காதே. சொல்லிட்டேன்."

"ஒன்னுதான் பாத்தியா?"

"ஏன்?"

"நாலு இருக்கே. சுத்தி நாலு. நானே ரம்பம் வச்சு அறுத்தது." டெல்மர் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைவிரல்களையும் குவித்து ஒன்றுக்குள் ஒன்று விட்டுக் காட்டினான். "வெளிக்குழாயோட வாயை இப்படி அறுத்து விட்டாத்தான், உள்குழாய் சூட்டுல பெருத்து நீளறப்போ வழி விடும். இல்லேன்னா ரெண்டும் கவ்விக்கிட்டு, போற இடம் இல்லாம எங்கேயாவது கிழிச்சுக்கும். அந்தக் கனடாக்காரன் சொன்னது."

க்ளோவிஸின் காது சிவந்தது. கேட்டது ஓஸிம் கிழவர்தான்:

"அது சரி, மேல் பக்கம் விரிசல்னா மூடியைத் திறந்தாத்தானே தெரியும்? நீ எப்பப் பாத்தே?"

வெர்னா கல்லாவிலிருந்து, குத்திக்காட்டும் எண்ணமில்லாமல், நினைத்ததைச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை நீ பூசைக்கு வரலையே. தலைவலின்னு யூலா சொன்னாளே... ஓ."

அந்த 'ஓ' கடைக்குள் வெகுநேரம் கிடந்தது. க்ளோவிஸ் வெளியே போனான். கதவின் மணி அடித்து ஓய்ந்தது.

மத்தியானத்துக்குள் யூலாவுக்குத் தெரிந்துவிட்டது. அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இதை அவளே பின்னால் என் மனைவியிடம் சொன்னாள்.

"தலைவலி எப்படி இருக்கு?"

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"நான் அவன்கூடப் போறதுக்குக் கோபமா, அவன் குழாய் உடையலேங்கறதுக்குக் கோபமா? ஒன்னைச் சொல்லு. முதலாவதுன்னா புரிஞ்சுக்கறேன். ரெண்டாவதுன்னா டாக்டர்கிட்டப் போலாம்."

"ரெண்டும்தான்" என்றான் க்ளோவிஸ். "பிரிக்க முடியல யூலா. மேலே அவன் சத்தம் கேக்கும். நீ அதுல உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டிருப்பேன்னு தெரியும். என்கூட ஏறினப்போ வாந்தி எடுத்தே. அவன் எச்சம் போட்டு ஒட்டினதுல சிரிக்கறே. எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு? வெல்டிங் ஒன்னுதான் தெரியும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவன் என்னை எதுக்கு ஏத்திக்கிட்டுப் போறான் தெரியுமா? எடைக்கு. பின்னால கனம் இருந்தாத்தான் இறங்கறப்போ நேரா நிக்குதாம். எனக்கு முன்னால அந்தச் சீட்டுல அரிசி மூட்டை இருந்துச்சு. சிரிச்சுப் பேசினேன்னு சொன்னியே, போறப்பவும் வர்றப்பவும் அவன் பேசறது ஒரே ஆளைப் பத்தித்தான். க்ளோவிஸ் வெல்டு வச்சா அப்படி இருக்கும், க்ளோவிஸ் வெல்டு வச்சா இப்படி இருக்கும். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு."

இதைக் கேட்டு அவன் மனம் குளிர்ந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. மறுநாள் கடலுக்குப் போனபோது முன்னைவிடக் கடுகடுப்பாகத்தான் போனான். ஒருவன் முதுகுக்குப் பின்னால் நம்மைத் திட்டினால் பதிலுக்குத் திட்டிவிடலாம். புகழ்ந்தால் என்ன செய்வது?

கடலில் நடந்ததை அவனே பிறகு எனக்குச் சொன்னான். மேடையில் மின்சாரம் எடுக்கிற பெரிய டீசல் என்ஜின் ஒன்று உண்டு. அதன் புகைக்குழாய் நடுவில் அக்கார்டியன்போல மடிப்பு மடிப்பாக ஒரு துண்டு. மேலே ஸ்பிரிங்கில் தொங்கும். பக்கத்தில் சூடான எண்ணெய் போகும் குழாய்கள், நேராகப் போகவேண்டியவை, வேண்டுமென்றே வளைந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகும். சூட்டில் நீளும்போது அந்த வளைவு விட்டுக் கொடுக்கும். அந்த வளைவுகளில் பாதிக்குமேல் அவனே வெல்டு வைத்தவை. இருபது வருஷமாக அந்த நிழலில் உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறான். அன்றைக்குச் சோற்றை வாயில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தான்.

"எனக்குத் தெரிஞ்சதுதான்ப்பா" என்றான் என்னிடம். "தெரியாத விஷயமே இல்ல. அவன் வாயில வந்ததும் அது எனக்குத் தெரியாததா ஆயிடுச்சு."

"அப்புறம் என்ன, நீயும் சொருகிட வேண்டியதுதானே?"

"சொருகறதா? அவனை மாதிரியா?" முகம் கோணியது. "பிளேனை வித்துடலாம்னு யோசிச்சேன். நிஜமா."

விற்கவில்லை. முக்கோணத் தகடுகளையும், சட்டத்தோடு பிணைத்த கம்பியையும் அறுத்தெறிந்தான். ஆனால் சொருகுக் குழாய் போடவில்லை. தொடை எலும்பு இடுப்பில் உட்கார்ந்திருக்குமே, அதுபோல ஒரு பக்கம் குமிழ், மறுபக்கம் கிண்ணம் என்று, கடைசலில் தானே கடைந்து மூட்டு மூட்டாகச் செய்தான். சைலன்சரை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டான். சொருகுவதைப் போல நாலு மடங்கு வேலை. வந்து பார்க்கிற ஒவ்வொருவரிடமும், "இது சொருகல் இல்ல, நல்லாப் பாத்துக்கோ" என்று முதலில் சொல்லிவிடுவான்.

அது உடையாமல் நின்றது. மழைக்காலம் முழுக்கத் தனியாகப் பறந்தான். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து கண்ணாடி வைத்துப் பார்த்தான். யூலா சொன்ன ஒரு வருஷம் ஆவதற்குள்ளேயே அவள் மனம் மாறி, ஒரு சனிக்கிழமை ஏறி உட்கார்ந்தாள். பூடான் கடைக்குப் போய்விட்டு வந்து இறங்கினார்கள்.

"பேசிக்க முடிஞ்சுதா?" என்று கேட்டான்.

"முடிஞ்சுது. நீதான் பேசவே இல்ல."

உண்மைதான். வழி முழுக்கக் குழாயைக் கேட்டுக்கொண்டே ஓட்டியிருக்கிறான்.

இப்போது டெல்மர் என்னிடம் வர ஆரம்பித்தான். முதலில் பெட்ரோலைப் பற்றி, மழையைப் பற்றி. பிறகு, "அவனோடது எப்படி? ஏதாவது விட்டுச்சா?" இல்லை என்றேன். "சத்தமே இல்லாம போகுதே. என்னோடது இன்னும் தகரம் மாதிரி ஆடுது" என்று உதட்டைக் கடித்தான். அந்த வசந்தகாலத்தில் அவன் சைலன்சருக்குள் இருந்த தடுப்புத் தகடுகள் வெந்து, துண்டு துண்டாக வாய் வழியே பறந்துபோயின. குழாய் உடையவில்லை, ஆனால் வயிறு காலி. அவன் திடலைச் சுற்றி இறங்கிய அந்தச் சத்தத்தில் ஓஸிம் கிழவரின் மாடுகள் வேலியை உடைத்துக்கொண்டு ஓடின. தன் சமையலறையில் இருந்த க்ளோவிஸ் காப்பிக் கோப்பையோடு ஜன்னலுக்கு வந்து, தலையைச் சாய்த்துக் கேட்டானாம். "முகத்தில அப்படி ஒரு சாந்தி" என்றாள் யூலா. "கல்யாணத்தன்னிக்குக்கூட நான் பாத்ததில்ல."

ஆனாலும் இருவரும் பேசவில்லை. டெல்மர் இன்னொரு சைலன்சர் செய்தான், அதே அசிங்கமான வெல்டோடு. இரண்டு ஷெட்டுக்கும் நடுவே இருந்த பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை.

அப்போதுதான் கால்நடை டாக்டர் ஜோஸ்லின் ஃபான்டெனோ எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்தாள். நாலாவது ஷெட்டை எடுத்தாள். அவளுடைய விமானத்திலும் ரோட்டரி என்ஜின்தான். அவள் கட்டியதல்ல, மேற்கே யாரோ கட்டியதை வாங்கிப் பல வருஷமாக ஓட்டுகிறாள். ஒருநாள் க்ளோவிஸும் டெல்மரும் தற்செயலாக ஒரே நேரத்தில் அவள் வாசலில் வந்து நின்றார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல்.

"டாக்டரம்மா, குழாய் எத்தனை தடவை மாத்தினீங்க?" என்றான் டெல்மர்.

"எந்தக் குழாய்?"

"புகைக்குழாய். சைலன்சர்."

"அதையா? நான் அதைப் பாத்ததே இல்லையே. ஏன், பாக்கணுமா?"

க்ளோவிஸ் தொண்டையைக் கனைத்தான். "விரிசல் ஏதாவது..."

"தெரியலையே. ஜெட் என்ஜினுக்குப் போடற ஏதோ உலோகம்னு வித்தவர் சொன்னார். நிக்கல் கலந்ததாம். வேணும்னா திறந்து பாருங்க. எனக்கு ஒரு பசு காத்திருக்கு."

அவள் போய்விட்டாள். இருவரும் மூடியைக் கழற்றினார்கள். ஒரு திருகாணியை இவன், ஒன்றை அவன். பிறகு விமானத்துக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்தார்கள். நான் வாசலில் நின்றேன். நாலு கால்கள்தான் தெரிந்தன.

"ஒன்னும் இல்லடா" என்றது டெல்மரின் குரல்.

"டார்ச்சை இந்தப் பக்கம் காட்டு. இன்னும் மேலே." க்ளோவிஸ் இன்னும் உள்ளே நகர்ந்தான். "ஒன்னும் இல்ல."

"மெல்லிசா வேற இருக்கு. உன்னோடதுல பாதி கனம்கூட இல்ல."

"பாத்தேன்."

"வெல்டு எப்படி?"

க்ளோவிஸ் விரலால் வெல்டைத் தடவிப் பார்த்தான். "சுமார்" என்றான். "என்கிட்ட வந்திருந்தா இதைவிட நல்லா வச்சிருப்பேன்."

"அது எனக்குத் தெரியாதா?"

"அவ செய்யல. வாங்கினது."

"வாங்கினதுதான். பாத்ததே இல்லையாமே! ஏன், பாக்கணுமாங்கறா!"

"திமிரு."

"திமிருதான்."

அவர்கள் எழுந்து வரும்போது இருவர் முகத்திலும் ஒரே வியாதி. அன்று சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்து, இருட்டும் வரை அந்த டாக்டரம்மாவின் குழாயைத் திட்டினார்கள்.

இப்போது யூலா டாக்டரம்மாவோடும் பறக்கிறாள். டாக்டரம்மா மாடு, குதிரைகளைப் பற்றிச் சொல்கிற கதைகள் அவளுக்குப் பிடித்திருக்கின்றன. இவர்கள் இருவரும் அந்த நிக்கல் உலோகத்தில் ஒரு தகடு எங்கேயாவது கழிவாகக் கிடைக்குமா என்று டெக்சாஸ்வரை போன் போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்தால் யார் ஷெட்டில் வைத்து அதை வெட்டுவது என்பதில் மட்டும் இன்னும் ஒத்துப்போகவில்லை.